நான் வாங்கிக் கொடுத்த பாட்டில்

எங்கள் தெருவில் எனக்கு டாக்டர் என்று பெயர். படித்தது பன்னிரண்டாவதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கலில் பதினோரு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், அவ்வளவே. ஆனாலும் யாருக்குத் தும்மல் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

அப்படிப்பட்டவன் வீட்டில், 2008-இல், என் மனைவி வினோதினி தள்ளித் தள்ளிப் படுக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் போனாலும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் சோறு போடும்போது அவளே சொல்லிவிட்டாள். வெள்ளைப்படுகிறது, மீன் கவிச்சி போல வாடை அடிக்கிறது, பக்கத்தில் வரவே கூச்சமாக இருக்கிறது என்று. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. வெறுப்பு இல்லை, வெறும் நோய்தான்.

நோயென்றால் விடுவேனா? எந்த டாக்டரையும் கேட்காமல் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்தேன். கூடவே காயம் கழுவுகிற கிருமிநாசினி, பெரிய பாட்டிலாக. தண்ணீரில் கலந்து உள்வரைக்கும் கழுவு, ஒரு கிருமி தங்கக் கூடாது என்றேன். குறைந்தது. மறு மாதமே திரும்ப வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி பாட்டில். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை வந்தபோது அவள் கம்மாபுரத்தில் அம்மா வீட்டில் போய் இருக்கிறேன் என்று பையில் புடவைகளை எடுத்து வைத்தாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

தெரிந்த முகம் இருக்காது என்று சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா பெயர் சௌந்தரம். பார்த்து முடித்துவிட்டு, எதைப் போட்டுக் கழுவுகிறாய் என்று கேட்டார். வினோதினி என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தரையைப் பார்த்தாள். நான்தான் பெருமையாகப் பாட்டிலின் பெயரைச் சொன்னேன்.

“அங்க காவலுக்குன்னே நல்ல கிருமி இருக்குது தம்பி. மாசாமாசம் அதையும் சேத்துக் கொன்னுட்டு, நோய் ஏன் திரும்பி வருதுன்னு கேக்குறீங்க” என்றார்.

உள்ளே வைக்க ஒரு ஜெல் எழுதினார். இனி வெளியே மட்டும் வெறும் தண்ணீர், பாட்டில் கூடவே கூடாது என்றார். எரிச்சல் இருந்ததா என்று கேட்டதற்கு, ஒவ்வொரு தடவையும் எரியும் என்றாள் வினோதினி.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். “எரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க அவ்ளோ ஆசையா வாங்கியாந்தீங்க மாமா. எப்பிடி வேணாம்னு சொல்றது?”

பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. ஊருக்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற கை, என்னவளை இத்தனை மாதம் எரிய வைத்திருக்கிறது.

அவள் கம்மாபுரம் போகவில்லை. புடவைகள் திரும்பப் பீரோவுக்குப் போயின. மூன்று மாதம் கழித்து மறுபடி காட்டப் போனோம். வாடை இல்லை, வெள்ளையும் இல்லை. திரும்ப வந்தாலும் நேராக இங்கே வா, வீட்டு டாக்டரைக் கேட்காதே என்று சிரித்தார் டாக்டரம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் பழக்கதோஷத்தில் ஆண்கள் பக்கம் நடந்தேன். வினோதினி புடவையை ஒதுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

“எங்க போறீங்க டாக்டரே? இங்க வந்து உக்காருங்க.”

உட்கார்ந்தேன். தோளோடு தோள் உரசியது, அவள் நகரவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்வரை நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் எதற்காவது மருந்து சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.