பரோட்டா மாஸ்டர் வீட்டுப் பாஸ்தா

ஒடுகத்தூரில் தேவராஜின் பரோட்டாவைத் தொடாத ஆள் யாரென்று கேட்டால் ஒரே ஒரு பெயர்தான் வரும். அவன் பெற்ற மகள் தமிழ்மணி. இருபது வருடமாக ஊருக்கே மைதா பிசைந்து போட்டவன் வீட்டில், கோதுமையே ஆகாத பிள்ளை. "விளையாட உனக்கு வேற வூடே கெடைக்கலியா?" என்று சாமியிடம் சண்டைக்குப் போனான் தேவராஜ்.

டாக்டரம்மா போன ஆடி மாதமே கறாராகச் சொல்லிவிட்டார். கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது. ஒரு துளிகூடக் கூடாது, ஆயுசுக்கும் கூடாது. அன்றைக்கே அவன் மனைவி பாஞ்சாலி ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் அள்ளி வீட்டை விட்டு வெளியேற்றினாள். பிள்ளைக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனித் தட்டு. அப்படியும் வாரத்தில் மூன்று நாள் பத்து வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும். பாஞ்சாலி பெருங்காயம் கரைத்த மோர் கொடுத்து மடியில் போட்டுத் தட்டுவாள். வீட்டில்தான் கோதுமை இல்லையே, பிறகு எங்கிருந்து வருகிறது? அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். முழங்கை வரை மைதா. புருவத்தில் மைதா. காது மடலில்கூட மைதா.

"நீங்கதாங்க," என்றாள்.

அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது. அன்று முதல் தேவராஜுக்குத் தோட்டத்துப் பக்கம்தான் வாசல். கடையிலிருந்து வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு லுங்கி கட்டிக்கொண்டுதான் உள்ளே வரலாம். மார்கழியில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் காற்றில், ஈரத் துண்டோடு பல் தந்தியடிக்க அவன் நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு ஆடுகளே பரிதாபப்பட்டன. குளிர்கூடப் பெரிதில்லை. மகளுக்கு ஊட்டக் கூடாது என்றதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஒன்பது வயது முடிந்தும் அப்பன் கையால்தான் தின்பேன் என்று அடம்பிடித்த பிள்ளை அது. ஊரெல்லாம் என் கையில் தின்கிறது, என் பிள்ளைக்கு என் கை ஆகவில்லையே என்று கல்லுக்கு முன்னால் நின்று பலமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேட்டவர்களிடம் வெங்காயம் என்றான்.

மாசி முடிவதற்குள் வலி நிற்காவிட்டால் கடையை மூடிவிடுவது என்று முடிவும் கட்டியிருந்தான். இதை மச்சினன் புருஷோத்தமனிடம் மட்டும் சொன்னான்.

"மூடிட்டு இன்னா செய்வ மாமா?"

"தெரியலடா. எனக்கு வேற எது தெரியும்?"

இந்த நிலையில்தான் தமிழ்மணி தன் பிறந்த நாள் ஆசையைச் சொன்னாள். "எனக்குக் கேக்கு வேணாம். பாஸ்தா வேணும். எல்லாரும் ஒரே குண்டான்ல இருந்து சாப்டணும். எனக்குன்னு தனிச் சட்டி வெச்சீங்கன்னா நான் சாப்டவே மாட்டேன்."

புருஷோத்தமன் வேலூருக்குப் போய்க் கோதுமை கலக்காத சோளப் பாஸ்தா ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். விலையைக் கேட்டு பாஞ்சாலிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் பக்குவமாகச் சமைத்தாள். எப்படி? சாமைச் சோறு வடிக்கிற பக்குவத்தில்! வெந்ததும் மூடிபோட்டுத் தணலில் கால் மணி நேரம் புழுங்கவிட்டாள். திறந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் பசை. தேர்தலுக்குச் சுவரொட்டி ஒட்டலாம் என்றான் புருஷோத்தமன். அடுத்த வாரம் 'சாமைப் பாஸ்தா' என்று கொட்டை எழுத்தில் போட்ட இன்னொரு பாக்கெட்டோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். எந்தப் பாக்கெட் கிடைத்தாலும் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிடுவது தமிழ்மணியின் வழக்கம்.

"மாமா, நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு கோதுமை ரவை. சாமை படத்துலதான் நல்லா வெளைஞ்சிருக்கு."

தேவராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாமை விளைகிற மலைக்கு அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு சாமையைக் கடையில் தேடுவதா? மூன்று நாள் கடைக்கு லீவு விட்டான். மலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் முனிசாமியிடம் புதுச் சாமை அரிசி வாங்கினான். மாவு மில்லில் கோதுமையும் அரைப்பார்கள் என்பதால், மிக்சி அலற அலற வீட்டிலேயே அரைத்தான். தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்து தண்ணீர் தெளித்துப் பிசைந்தான். மைதா என்றால் இழுத்த இழுப்புக்கு வரும். சாமை மாவு அப்படி யாருக்கும் பணிகிற ஜாதி இல்லை. வீசி அடித்தான். அது சுவரில் பாதி, புருஷோத்தமன் சட்டையில் பாதி என்று உதிர்ந்தது.

"பரோட்டாவா போடுறீங்க?" பாஞ்சாலி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். "கூழ் வடகத்துக்குக் கிளர்ற மாதிரி கொதிக்கிற தண்ணில கிளறுங்க. வெந்த மாவு உதிராது."

கிளறினார்கள். சூடு ஆறுவதற்குள் பிசைந்து, ஓலைப் பக்கோடா அச்சில் போட்டுப் பிழிந்தார்கள். விரல் நீளத்துக்கு வெட்டி, இட்லிக் குண்டானில் ஆவி காட்டி, வேட்டி விரித்து மாடியில் காயவைத்தார்கள். காய்ந்ததில் ஒரு பிடியைக் கொதிக்கிற நீரில் போட்டு, மூன்றே நிமிடத்தில் வடித்து, மூடாமல் வைத்தார்கள். ஒட்டவில்லை! உடையவில்லை! பல்லுக்கு இதமாக வழுக்கிக்கொண்டு போனது. தேவராஜ் மாடியிலேயே ஒரு குத்தாட்டம் போட்டான். பாஞ்சாலி கைதட்டினாள். ஒரு காக்காய் ரெண்டு துண்டைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கும் பிடித்துவிட்டது என்றார்கள்.

ஆனால் அன்று மாலையே தமிழ்மணிக்கு வயிற்று வலி. மோரைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தாள். தேவராஜ் ஒடிந்துபோனான். லீவில் இருக்கும்போதும் வலிக்கிறதென்றால் மைதா என் ரத்தத்திலேயே ஊறிவிட்டது போல என்று நினைத்தான். விருந்து முடிந்த மறுநாளே கடைக்குப் பூட்டு என்று உறுதி செய்துகொண்டான்.

பிறந்த நாளன்று பதினோரு பேர் கூடிவிட்டார்கள். தேவராஜ் தக்காளி, பூண்டு, வெங்காயம் வதக்கி, வாசம் தெருமுனை வரை போகும்படி தொக்கு வைத்தான். வழக்கமாகப் பெருங்காயம் வைக்கும் பித்தளை டப்பா காலியாக இருந்தது. மளிகைக் கடையில் வாங்கிய புதுப் பெருங்காய டப்பாவை உடைத்துத் தாராளமாகத் தூவி, குண்டான் பாஸ்தாவையும் கொட்டிக் கிளறினான். இலை போட்டாயிற்று. சும்மா இருக்க முடியாத தமிழ்மணி அந்தப் பெருங்காய டப்பாவைத் திருப்பினாள்.

"பசை, எண்ணெய்... நைனா, மைதா!"

"எங்க? என் மேலயா?" தேவராஜ் பதறி உடம்பெல்லாம் தட்டினான்.

"உன் மேல இல்ல நைனா. பெருங்காயத்துல! மைதா சேர்த்துதான் செய்வாங்களாம், போட்டிருக்கு பாரு."

பாஞ்சாலி டப்பாவைப் பிடுங்கிப் படித்தாள். இத்தனை மாதமாக வாங்கின அன்றே பித்தளை டப்பாவில் கொட்டிவிட்டு, கடை டப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். ரசத்தில் பெருங்காயம், சாம்பாரில் பெருங்காயம். வயிறு வலிக்கிறது என்று பிள்ளை அழும்போதெல்லாம் ஒரு சொம்பு மோரில் பெருங்காயம். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க இல்லைங்க," என்றாள். "நான்தாங்க."

புருஷோத்தமன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அதுதான் காரணமாக இருக்கும், உடனே நிறுத்துங்கள் என்றார் அவர். பிள்ளையின் அப்பா பரோட்டாக் கடையை மூட வேண்டுமா என்று கேட்டான். "எதுக்குங்க? குளிச்சிட்டு, துணி மாத்திக்கிட்டு வர்றாருல்ல? அது போதும்," என்றார்.

தேவராஜ் சத்தம் போட்டுச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. இந்த முறை வெங்காயம் என்று சொல்லவில்லை. பாஞ்சாலியைத் தூக்கி நிறுத்தி, "அழாதமே, உன் கைல ஒரு தப்பும் இல்ல. பெருங்காயத்துல மைதா இருக்கும்னு எவன் கண்டான்!" என்றான். குண்டானோடு பாஸ்தா பக்கத்து வீட்டுக்குப் போனது. அவர்களுக்குக் குருட்டு அதிர்ஷ்டம்.

மாடி வேட்டியில் மிச்சமிருந்ததை ஒன்றுவிடாமல் பொறுக்கினார்கள். பெருங்காயத்தையே பார்த்தறியாத இட்லிக் குண்டானில் இரண்டாவது சமையல் நடந்தது. பதினோரு பேரும் பசியோடு வட்டமாக உட்கார, குண்டான் நடுவில் வந்தது. பரிமாறிவிட்டு தேவராஜ் பழக்க தோஷத்தில் தோட்டத்துக் கதவோரம் தள்ளி நின்றான்.

தமிழ்மணி இலையைத் தொடவில்லை. அவனைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

"இன்னாடி, பத்து வயசு முடிஞ்சிபோச்சி," என்றான்.

"ஆ," என்றாள் அவள்.

தேவராஜ் மறுபடியும் கையைக் கழுவினான். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்து மகளுக்கு ஊட்டினான். பதினோரு பேரும் தின்பதை நிறுத்திவிட்டு அவள் தாடை அசைவதையே பார்த்தார்கள்.

தமிழ்மணி மென்று விழுங்கினாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"உப்பு கம்மி, நைனா."

இருபது வருடத்தில் இந்தச் சொல்லை தேவராஜிடம் சொன்னவர் யாருமில்லை. அவன் உப்பை எடுத்துத் தூவிவிட்டு, முகமெல்லாம் பல்லாக அடுத்த வாயை எடுத்தான்.