ஊரே ஒரே குரலில் பேசிய காலம்

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், ஊரில் இருந்த எல்லோருக்கும் பெரியவளின் குரல் வந்துவிட்டது. அளவு சொல்ல வாயைத் திறந்த தையல்காரர் பெரியவளாகப் பேசினார். நீதிமன்றத்தில் வக்கீலும் சாட்சியும் நீதிபதியும் பெரியவளின் குரலிலேயே ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். தொட்டிலில் கிடந்த கைக்குழந்தைகள் சுருதி பிசகாமல் அழுதன. பெரியவள் ஊரறிந்த பாடகி என்பதால் அது யாருடைய குரல் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. யார் பார்த்த வேலை என்பதுதான் தெரியவேண்டியிருந்தது, அதுவும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. அவளுடைய கூடப்பிறந்த தங்கைதான்.

தங்கையைச் சின்னவள் என்பார்கள். பாட்டுக் கம்பெனியில் வேலை. பேருந்திலோ கடையிலோ கைபேசியிலோ ஊரில் எங்கே பாட்டு கேட்டாலும் அது அந்தக் கம்பெனியின் கணினியிலிருந்து போனதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் பாடியவர், இசை, ஆண்டு என்று சின்னச் சின்னக் கட்டங்கள் உண்டு. அவற்றைப் பிழையில்லாமல் நிரப்புவது சின்னவளின் பொறுப்பு. முன்பெல்லாம் ஒரு பாட்டைத் திறந்து, திருத்தி, சேமித்து, மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட முடியும். சின்னவளுக்குப் பொறுமை கிடையாது, சாமர்த்தியம் உண்டு. மென்பொருள் எழுதுகிறவரை நச்சரித்து, தேர்வு செய்த பாட்டுகள் அத்தனைக்கும் ஒரே தட்டலில் ஒரே திருத்தம் போகும்படி மாற்றவைத்தாள். 'நிச்சயமாக மாற்றவா?' என்று அது தடவைக்குத் தடவை கேட்பது எரிச்சலாக இருக்கவே அந்தக் கேள்வியையும் எடுக்கவைத்தாள். திருத்துவதற்கு முன் இருந்த பழைய எழுத்தைப் பத்திரப்படுத்துவதால்தான் கணினி திணறுகிறது என்று சொல்லி அதையும் நிறுத்தவைத்தாள். ஒரு வாரத்து வேலை ஒரு மதியத்தில் முடிய ஆரம்பித்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் செய்ய நினைத்தது நல்ல காரியம்தான். அக்காவின் பேரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதிவைத்திருந்தார்கள். ஒரு பாட்டில் ழகரம், ஒன்றில் ளகரம், இன்னொன்றில் யாரோ சோம்பேறி போட்ட லகரம். அக்காவின் பாட்டுகளை மட்டும் வடிகட்டி எடுத்து, பாடியவர் கட்டத்தில் பேரைச் சரியாக எழுதிவைத்தாள். அந்த நேரம் பார்த்து அக்காவே போன் செய்து, இரவல் கொடுத்த குடை எங்கே என்று கேட்டாள். பதில் சொல்லிக்கொண்டே சின்னவள் எதையோ தட்டினாள், வடிகட்டல் விலகி எல்லாப் பாட்டும் தேர்வாகிவிட்டது. அதைக் கவனிக்காமல் சேமி என்பதை அழுத்தினாள். கண்ணிமைப்பதற்குள் கம்பெனியில் இருந்த ஒவ்வொரு பாட்டையும் பெரியவளே பாடியதாக ஆயிற்று. அந்தப் பாட்டுகளில் ஒன்றையாவது முணுமுணுக்காத வாய் ஊரில் இல்லை. ஆகவே ஒரு வாயும் தப்பவில்லை.

முதல் வாரம் ஊர் இதை ரசித்தது. சின்னவள் எல்லோரையும்விட அதிகம் ரசித்தாள். சின்ன வயதில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பெரியவளைப் பாடச் சொல்வார்கள், இவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள். இப்போது குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாடினாள், பாடப் பாடச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. தப்பைச் சரிசெய்ய வழி தேடுவதை அவள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணம்.

பிறகு ஊருக்குச் சலித்தது. தேன் மாதிரியான குரலில் அதட்டினால் எந்தப் பிள்ளை பயப்படும்? போனில் கூப்பிடுகிறவர் மருமகளா, மருத்துவரா, எதிர்வீட்டுக்காரரா என்று விளங்கவில்லை. நாற்காலி பின்னும் கண் தெரியாதவர் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரியைத் தன் மனைவி என்று எண்ணி மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார், அதற்கப்புறம் எந்தக் குரலுக்கும் பதில் சொல்வதை விட்டுவிட்டார். எல்லாரையும்விடப் பெரியவள்தான் அடிபட்டாள். தன் வாயிலேயே இருப்பதைக் கேட்க யார் டிக்கெட் எடுப்பார்கள்? நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. அவளைக் குரலுக்காகவே கட்டிக்கொண்ட கணவர், அதே குரல் அடுத்த தெருவில் கொஞ்சம் இளமையான முகத்தோடு கிடைப்பதைக் கண்டுபிடித்து அங்கேயே போய்விட்டார்.

மேலாளர் நெருக்கியதும் சின்னவள் ஒரே ஒரு பாட்டில் பாடியவர் கட்டத்தை வெறுமையாக்கிப் பார்த்தாள். அந்தப் பாட்டையே ஆயுள் முழுக்க முணுமுணுத்துவந்த தையல்காரருக்கு அவருடைய கட்டைக் குரல் திரும்பிவந்தது. அன்றைக்கே பெரியவளுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் பாட்டுகளை வெறுமையாக்கினாள். ஒரு தெருவுக்குக் குரல் திரும்பியது, பெரியவளுடைய பேச்சு பாதியாகத் தேய்ந்தது. எது அவள் பாடியது, எது மற்றவர்கள் பாடியது என்று பிரிக்கவும் வழியில்லை. எல்லாவற்றிலும் ஒரே பேர், காதில் கேட்டாலும் ஒரே குரல். ஊருக்குக் குரல் வேண்டுமென்றால் பெரியவளுக்குக் குரல் இருக்காது என்பது எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்தது.

பெரியவள் தங்கையின் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"எனக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்டி. அதுல கை வைக்காதே."

"வைக்கமாட்டேன்க்கா," என்றாள் சின்னவள். சொன்ன குரலும் அக்காவுடையதுதான் என்பதால், பெரியவள் தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டது போலத்தான் இருந்தது.

நகரசபையில் கூட்டம் போட்டார்கள். குரல் திரும்பிய தையல்காரரும் அந்தத் தெருக்காரர்களும் தங்கள் கவலை தீர்ந்ததென்று வரவில்லை. எந்தத் தீர்மானமானாலும் ஒரே குரலில் நிறைவேறியது என்று எழுதிவைப்பது அங்கே வழக்கம். அன்றைக்குத்தான் அது உண்மையானது. எல்லாப் பாட்டிலும் அந்தப் பேரை அழித்துவிடலாமா என்று தலைவர் கேட்டார். "அழிச்சிடுங்க" என்று கூடம் முழுக்கப் பெரியவளின் குரலில் சொன்னது. அதன் நடுவில் ஒரு "வேண்டாம்" கேட்டது.

"யாரு வேண்டாம்னது?" என்று தலைவர் கேட்டார்.

பெரியவள் கடைசி வரிசையில் எழுந்து நின்றபடி திரும்பத் திரும்பச் சொன்னாள். தேய்ந்துபோன அந்தக் குரலை அதே குரல்கள் மூடிக்கொண்டன. யாரோ விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பும் அவளுடையதுதான். முன்வரிசையில் இருந்த சின்னவளுக்கு அது யார் என்று தெரியும், ஏனென்றால் அங்கே அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர், தன் வாயிலிருந்து அது வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஊருக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன் என்று பிறகு சொல்லிக்கொண்டாள். பயமும்தான். அந்தக் குரல் இனி தனக்கும் இருக்காது, அவளுக்கும் இருக்காது என்பதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூட அப்போது அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலையில் அலுவலகம் போனதும் எல்லாப் பாட்டையும் தேர்வு செய்து, கட்டத்தை வெறுமையாக்கி, சேமித்தாள். ஊர் கனைத்துக்கொண்டு அவரவர் குரலில் பேசத் தொடங்கியது. நாற்காலி பின்னுகிறவர் மனைவியின் பேச்சைக் கேட்டுத் தேம்பி அழுதார். பெரியவள் சமையலறையில் பாலைப் பொங்கவிட்டு, ஐயோ என்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

அதிலிருந்து ஊரில் பாட்டு போட்டால் இசை மட்டும் வருகிறது. பாட்டு வரவேண்டிய இடத்தில் பேருந்தில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பாடிக்கொள்கிறார்கள், அது பழகிவிட்டது. மேலாளர் இரக்கப்பட்டுப் பெரியவளுக்கும் கம்பெனியில் வேலை கொடுத்தார். தங்கைக்கு அடுத்த நாற்காலி. இசை, ஆண்டு என்ற கட்டங்களை நிரப்புகிறாள், கை சுறுசுறுப்பு. மதியம் இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுகிறார்கள், சின்னவள் பேசுகிறாள், பெரியவள் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களுக்குள் ஒரு வாய்ச்சண்டை வந்து யாரும் கேட்டதில்லை.