கம்பியில் வந்த மட்டக்கம்பு

சின்னராசாவின் கணுக்கால் பிசகியதற்குக் காரணம் சிவசாமியின் வாய்தான்.

தோட்டத்தின் மலையுச்சிப் பகுதியான மேல்கணக்கில், தொழிலாளர் லயத்தில் ஒரு சாவு. கீழே தேயிலை ஆலையான இஸ்டோரில் வேலை செய்யும் சின்னராசா படியேறிப் போனான். போன இடத்தில் துக்கம் விசாரிக்க முடியாமல் கால்மணி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். “இவன் பொண்ணு கேட்டு வந்தான்னா, வாயத் தொறக்கிறதுக்குள்ள பொண்ணு கெழவியாயிரும்” என்றார் அந்த லயத்துச் சிவசாமி. தன் மகள் பூரணியைத்தான் அவன் கேட்கப்போகிறான் என்பது அவருக்குத் தெரியாது. பூரணிக்குத் தெரியும்.

முப்பத்திரண்டு வயதில் சின்னராசா தேகப்பயிற்சியில் இறங்கினான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் மேல்கணக்குப் படிகளில் ஓட்டம். முதல் நாள் நெஞ்சு வலித்தது. இரண்டாம் நாள் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மூன்றாம் நாள், மலையில் யாராவது பார்க்கிறார்களா என்று அண்ணாந்தான். பாசிக்கல்லில் வைத்த கால் தன் போக்கில் போய்விட்டது. பந்து விளையாடி அடிபட்டதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டான். அவன் பந்தைத் தொட்டுப் பத்து வருஷமிருக்கும்.

தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் அலோசியஸ் காலை அமுக்கிப் பார்த்தார். “எலும்பு முறியல, நரம்புதான் இழுத்திருக்கு. தேய்க்கக் கூடாது. வீக்கம் வத்தினதும் சுடுதண்ணியில உப்புப் போட்டு வையி. மூணு வாரத்துக்குச் சமதரையில மட்டும் நட.”

“சமதரையா ஐயா? நம்ம தோட்டத்துலயா?”

யோசித்தார். “இஸ்டோரு இருக்கு. அப்புறம் தொரை பங்களா முத்தத்துப் புல்லுத்தரை.”

துரை தன் புல்தரையில் நொண்ட விடமாட்டார் என்பதால் சின்னராசா இஸ்டோரோடு நின்றுகொண்டான். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இராமையா சும்மா இருந்திருந்தால் அந்த மூன்று வாரத்தோடு சரியாகியிருக்கும். “டாக்டரய்யா கெடக்கிறாரு, நாலு தேய்ப்புல எந்திரிச்சி ஓடுவ” என்று எண்ணெயைக் காய்ச்சி உருவினான். மறுநாள் கால் ஈரப்பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மூன்று வாரம் முதலிலிருந்து ஆரம்பம்.

அப்போதுதான் மேல்கணக்கு வேலாயி வந்து சேதி சொன்னாள். “வர்ற ஞாயித்துக்கெழம ராகலையிலேருந்து பூரணியப் பாக்க வர்றாங்க. அதுக்கு முந்தி வந்து கேக்கச் சொன்னா. இல்லாட்டி அவங்கப்பா தலையாட்டிருவாராம்.”

வேறு ஆளை அனுப்பலாமென்றால், அவனுக்கு இருந்த ஒரே ஆள் இராமையா.

இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுத் தோட்டமே பதிலுக்குக் காத்துக்கிடந்த காலம் அது. காத்திருப்பதில் சின்னராசாவுக்கு நல்ல பழக்கம். ஆனால் இது வேறு மாதிரி. மேல்கணக்கில் பறிக்கும் கொழுந்து சாக்குகளில் கட்டப்பட்டு, கம்பியில் தொங்கிச் சறுக்கி இஸ்டோர் வாசலுக்கு வந்துவிடும். அவிழ்த்துக் கொட்டுவதுதான் இவன் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தபடி அவிழ்த்தான். ஒவ்வொரு சாக்கிலும் மேலேயுள்ள மழையின் ஈரம் இருந்தது. இதில் எந்தப் பிடி அவள் பறித்தது என்று முகர்ந்து பார்த்தான். எல்லாம் தேயிலை வாசம்தான். மேலேயிருந்து எல்லாம் இறங்கி வந்தது. கீழேயிருந்து எதையும் ஏற்றி அனுப்ப அந்தக் கம்பியில் வழியில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வந்த சாக்கு ஒன்றில் கொழுந்துக்கு நடுவே ஒரு மட்டக்கம்பு. செடியின் தலைமேல் படுக்கவைத்து மட்டம் பார்த்துக் கொழுந்து பறிக்கிற மெல்லிய கம்பு. நுனியில் பூரணியின் சிவப்புத் துணிக்கிழிசல் கட்டியிருந்தது. திங்கட்கிழமை இது கையிலில்லாமல் மலைக்குப் போனால் கங்காணி அவளைத் திட்டித் தீர்ப்பார். யாராவது கொண்டுபோய்க் கொடுத்தே ஆகவேண்டும்.

ஊன்றிப் பார்த்தான். அவன் பாரத்துக்கு வில்லாக வளைந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் படியடிக்குப் போனான். மலைக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்கார்ந்தான். நல்ல காலை ஊன்றிப் பின்பக்கமாக அடுத்த படிக்கு எம்பினான். நோகும் கால் அந்தரத்திலேயே இருந்தது. டாக்டரய்யா நடக்காதே என்றாரே தவிர, உட்காராதே என்று சொல்லவில்லை.

முந்நூற்றுச் சொச்சம் படி. பார்க்க ஏங்கியது மேலே. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கீழே. தெரிந்ததில் மோசமானது, முக்கால்வாசி ஏறியபோது படியடியில் வந்து நின்ற நாலு குடை. ராகலைக்காரர்கள். நடுவில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை, விறுவிறுவென்று ஏறினான். சின்னராசா அவனைப் பார்த்தபடியே எம்பினான். ஓர் ஆளோடு போட்டி போட்டுக்கொண்டு அவன் முகத்தையே பார்க்க வேண்டியிருப்பது பெரிய தண்டனை. நூறு படியில் கோட்டு இடுப்பில் கைவைத்து நின்றது. குடைகளும் நின்றன.

“யாருப்பா அது, முதுகக் காட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்றது?” பின்னால் சிவசாமியின் குரல்.

சின்னராசா திரும்பினான். வேட்டியின் பின்பக்கத்தில் பாதி மலை ஒட்டியிருந்தது. இவ்வளவு நாளும் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

“பூரணியோட மட்டக்கம்பு கீழ வந்துருச்சி, மாமா. அதக் குடுத்துட்டு, அவளையும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஒரே மூச்சில் சொன்னான். படிப்படியாக உட்கார்ந்து வந்தவனுக்கு எங்கிருந்து மூச்சு வாங்கும்? இதைச் சிவசாமியும் கவனித்தார். கம்பைப் பார்த்தார், வீங்கிய காலைப் பார்த்தார், அந்த ‘மாமா’வை வாய்க்குள் ஒருமுறை மென்று பார்த்தார். அப்புறம் எட்டிக் கீழே பார்த்தார். கோட்டு இப்போது படியிலேயே உட்கார்ந்திருந்தது.

“பூரணி, இவனுக்கு வெந்நி வையி. உப்பும் போடு.”

“வச்சாச்சிப்பா” என்றது உள்ளேயிருந்து குரல்.