சட்டைக்கை அட்டை

தெருவில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்தியம் படித்தவர் இல்லை. வீட்டு முன்னால் நிற்கும் கிழட்டுக் காரை நாடி பிடித்துப் பார்க்காமல் நகர்த்த மாட்டார், அவ்வளவுதான். குளிர்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். சோக் குமிழை இழுத்து, இஞ்சினைக் கிளப்பி, ஆயில் முள் ஏறும்வரை காத்திருந்து, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, ஆற அமரத்தான் கிளம்புவார்.

அன்று அவர் மனைவி, தையற்காரி, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல நின்றாள். ஏதோ வாய்ச்சண்டையில் உறவை முறித்துக்கொண்டு போன தம்பி, பல வருடம் கழித்துப் போன் செய்திருந்தான். அவன் போகும் ரயில் இந்த ஊரில் கொஞ்ச நேரம் நிற்குமாம். "அக்கா, வர்றியா?" என்று கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"போதுங்க, கிளம்பலாம்."

"இரும்மா. அவசரத்துல அண்டாக்குள்ளகூட கை போகாது. எண்ணெய் எல்லா இடத்துக்கும் போக வேணாமா?"

பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, கையுறை எடுக்க உள்ளே போனார். ரேடியேட்டரை மறைத்தால் இஞ்சின் சீக்கிரம் சூடேறும் என்று அவரே எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. சட்டைக்கை வெட்ட அளவுக்கு வைத்திருந்த அட்டையை எடுத்துவந்து ரேடியேட்டர் முன்னால் செருகினாள். கிளம்பும்போது எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அவர் வந்து பானெட்டை மூடியபோது அவள் மனசெல்லாம் தம்பியிடம் இருந்தது.

பாதி வழியில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. அவர் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தார். ஆவி குபுகுபுவென்று வந்தது. அப்போதுதான் அவளுக்கு அட்டை ஞாபகம் வந்தது. சொல்ல இறங்கப் போனவள் கதவுப் பிடியில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கொதித்த இஞ்சினை ஆறவிடாமல் ஓட்டுவது கொலைக்குச் சமம் என்று ஊருக்கே பாடம் எடுத்த மனுஷன் அவர். திரும்பி வந்து உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், காரைக் கிளப்பினார்.

ஸ்டேஷன் வாசலில் 'கடக்' என்று ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது.

"நீ ஓடு. நான் பாத்துக்கறேன்."

தம்பி ரயில் பெட்டி வாசலிலேயே நின்றிருந்தான். பழைய சண்டையை இருவரும் எடுக்கவில்லை. ரயில் நகரும்வரை அவள் அவன் கையை விடவில்லை.

வெளியே வந்தபோது டாக்டர் பானெட்டில் சாய்ந்து நின்றிருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேங்க. இளைச்சுட்டான். வண்டி?"

"இஞ்சின் போச்சு. கட்டி இழுக்க ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

"ஏங்க, அது வந்து..."

"அட்டை பின்சீட்ல இருக்கு," என்றார். "ஓரம் நனைஞ்சிருக்கு. காய வச்சிட்டு வெட்டு."