நேராக விழாத முகம்

எண்பத்து மூன்றாம் வருடத் தொடக்கத்திலிருந்து போட்டோக்காரர் மகனின் முகம் எந்தப் படத்திலும் நேராக விழவில்லை. நாற்காலியில் உட்காரும்போது கேமராவைத்தான் பார்ப்பான். எல்லோரும் அதைக் கண்ணால் கண்டார்கள். ஃபிலிமைக் கழுவி எடுத்தால் படத்தில் வேறு எங்கோ திரும்பியிருப்பான். சில நாள் இடப்பக்கம், சில நாள் வலப்பக்கம். ஒருமுறை பின்மண்டை மட்டும் விழுந்தது; தலைச்சுழியும் சட்டைக் காலரும் துல்லியமாக இருந்தன. போட்டோக்காரர் முதலில் லென்ஸைச் சந்தேகித்துக் கழற்றி மாட்டினார். பிறகு ஃபிலிம் விற்ற ஏஜெண்டைத் திட்டினார். அம்மா சுளுக்கு என்றாள். டாக்டர் அவன் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கழுத்து நன்றாக இருக்கிறது, பதினேழு வயதில் பையன்கள் அங்கே இங்கே பார்க்கத்தான் செய்வார்கள் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக் இனிப்பாக இருந்ததால் அதை அக்கா குடித்து முடித்தாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவளும் அக்காதான். கடையில் நெகடிவ் டச்சிங் அவள் பொறுப்பு. ஊசிபோல் சீவிய பென்சிலால் ஊராரின் தழும்புகளையும் கருவளையங்களையும் அவள் நெகடிவிலேயே மறைத்துவிடுவாள். தம்பியின் படங்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தாள். காலையில் எடுத்தவை பேப்பர் போடும் தெருக்களைப் பார்த்தன. மாலையில் எடுத்தவை சைக்கிள் கடையைப் பார்த்தன. பின்மண்டை விழுந்த அன்று, கடல் வரைந்த திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் யாரோ ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சத்தம் அவளுக்கு நினைவிருந்தது. காலையில் பேப்பர் போடுபவனும் மாலையில் பஞ்சர் ஒட்டுபவனும் ஒருவனே. சைக்கிள் கடைக்காரரின் தம்பி. பட்டப்பகலிலும் விளக்கு எரிய சைக்கிள் ஓட்டுவதால் டைனமோ என்று பெயர்.

"எல்லாக் காந்த ஊசியும் வடக்கைப் பார்க்கும். நம்ம வீட்டு ஊசி டைனமோவைப் பார்க்குது" என்றாள் அக்கா.

தம்பிக்கு, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், காது சிவந்தது. "அப்பாகிட்ட சொல்லிடாதே."

"நான் எதுக்குடா சொல்லணும்? அவர்தானே உன் மூஞ்சியைத் தினமும் கழுவிக்கிட்டு இருக்கார்."

விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. இப்படிப்பட்ட பையன்களுக்கு ஊரில் ஒரு வார்த்தை இருந்தது, நல்ல வார்த்தை இல்லை. சின்னவன் விஷயத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொருவரின் முகமும், பென்சிலை அழித்தால் தெரியும் தழும்போடு, அவன் அப்பாவின் அலமாரியில் இருந்தது. இறந்துபோனவர்களின் நெகடிவ்களும் அங்கே இருந்தன. வீட்டார் வந்து கேட்டால் போட்டோக்காரர் எதுவும் பேசாமல் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். அதனால் ஊர் அவரிடம் கொஞ்சம் அடக்கமாகவே இருந்தது. சைக்கிள் கடைக்காரரின் மனைவி மட்டும் அதன் உபயோகத்தைப் பார்த்தாள். வாடகை சைக்கிளைத் திரும்ப எடுத்துவரப் போன டைனமோ சாப்பாட்டு நேரத்துக்கு வராவிட்டால் போட்டோக் கடை வாசலில் வந்து நிற்பாள். "அண்ணே, உங்க பையனை ஒரு படம் எடுத்துச் சொல்லுங்களேன், எங்க கொழுந்தன் எந்தப் பக்கம் போயிருக்கான்னு." போட்டோக்காரர் ஃபிலிம் சும்மா வருவதில்லை என்பார். ஆனால் எடுத்துக் கொடுப்பார்.

சின்னவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். டைனமோவைப் படம் எடுத்தால் அவன் முகம் எங்கே திரும்பும்? டைனமோ அதுவரை ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. கேட்டால், "என் மூஞ்சி எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு வேணும்னா நேர்ல வந்து பார்த்துக்கட்டும்" என்று பெல் அடித்துவிட்டுப் போய்விடுவான். சின்னவன் நேரில் போய்த்தான் பார்த்தான். வீட்டில் எந்தச் சைக்கிளிலும் காற்று நிற்காமல் போனது அப்போதுதான்.

அடுத்த வருடம் பொதுத்தேர்வு வந்தது. விண்ணப்பத்தில் நேர்முகப் படம் ஒட்ட வேண்டும். பள்ளி குமாஸ்தா பக்கவாட்டு முகத்தைத் திருப்பி அனுப்பினார். இது பரீட்சைக்கா, காசில் அச்சடிக்கவா என்று கேட்டாராம். கடைசித் தேதி நெருங்கியது, தவறினால் ஒரு வருடம் வீண். போட்டோக்காரர் மகளின் பென்சிலை வாங்கி நெகடிவில் தானே நேரான கண்கள் போட்டார். பிரிண்ட் உலர்வதற்குள் கண்கள் மெல்ல நகர்ந்து சைக்கிள் கடைப்பக்கம் போய்ச் சேர்ந்தன. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. கேமராவைத் தூக்கிச் சைக்கிள் கடை இருக்கும் திசையில் வைத்துவிட்டால் பையன் கேமராவைப் பார்த்துத்தானே ஆக வேண்டும். கணக்கு சரி. ஆனால் ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு சைக்கிளையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பான் டைனமோ. ஷட்டர் திறந்து மூடுவதற்குள் அவன் தெருமுனை திரும்பிவிட்டான். படத்தில் சின்னவனுக்கு முகம் விசிறிபோல் விரிந்திருந்தது. அக்கா அதை எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் போட்டோக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு சைக்கிள் கடைக்கு நடந்தார். குறுக்கே ஒரு தெருதான். அன்றைக்கு அதைக் கடக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. நடுவில் ஒருமுறை திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

"கடைக்குக் கொஞ்சம் வாப்பா. ஒரு வேலை இருக்கு."

டைனமோ ஸ்பேனரைக் கீழே வைத்தான். "என்ன வேலை சார்?"

"சும்மா நிக்கிற வேலை."

"எங்க நிக்கணும்?"

"எனக்குப் பின்னாடி."

அவன் கைகூடக் கழுவாமல் வந்து, போட்டோக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றான். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். கேமராவின் கண்ணாடியில் மகன் தலைகீழாகத் தெரிந்தான். எல்லா வாடிக்கையாளர்களையும் சிரிக்கச் சொல்பவர், அன்று சொல்லவில்லை. தேவைப்படவில்லை. துணிக்குள்ளிருந்து வெளியே வர அவருக்கு நேரம் பிடித்தது. வந்தபோது புழுக்கம் என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

படம் நேராக விழுந்தது. குமாஸ்தா அதையும் உடனே ஏற்கவில்லை. "ஹால் டிக்கெட்டுக்கு யாராவது இப்படிச் சிரிப்பாங்களா? பரீட்சை எழுதறவன் மாதிரியா இருக்கு?" என்றார். சிரிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லாததால் முத்திரை குத்தினார்.

அந்தப் படம் எடுத்த அன்று இன்னும் ஒரு ஃபிலிம் மிச்சம் இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கடா என்றாள் அக்கா. டைனமோ தன் மூஞ்சி தனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தான். "தெரியாதுப்பா, நில்லு" என்று போட்டோக்காரர் சொன்னதும் நின்றான். இருவரும் விறைப்பாகக் கேமராவையே பார்த்தார்கள். அக்கா இருட்டறைக்குள் போனாள். சின்னவன் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றான். தேர்வு முடிவுக்குக்கூட அவன் பிறகு அப்படிக் காத்திருக்கவில்லை.

"என்னக்கா?"

உள்ளே அவள் மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவன் எங்க பார்க்கிறான்?"

"இருடா, இன்னும் மூக்கே வரலை." கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம். பிறகு, "கழுத்து வலிக்கப் போகுதுடா ரெண்டு பேருக்கும்" என்றாள்.

அவள் ஈரப்படத்தை வெளியே கொண்டுவந்தபோது டைனமோ குனிந்து வெகுநேரம் பார்த்தான். தன் மூக்கு இவ்வளவு நீளம் என்று யாருமே தன்னிடம் சொல்லவில்லை என்றான். பக்கவாட்டில் பார்த்தால் எல்லோருக்கும் அப்படித்தான் என்றான் சின்னவன்.

படம் உலர்ந்ததும் போட்டோக்காரர் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வாசல் கண்ணாடிப் பெட்டியில் கல்யாணப் படங்களுக்கு நடுவில் வைத்தார். வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். எதிர்க்கடை முடிதிருத்துபவர் ஒரு மாதம் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார், பிறகு தன் பேரனின் படத்துக்கு அதே அளவுச் சட்டம் கேட்டு வந்தார். பையன்கள் வளர்ந்தார்கள். கலர் ஃபிலிம் வந்தது, டச்சிங் வேலை போயிற்று, அக்கா கல்யாணமாகிப் போனாள். சைக்கிள் கடைக்கு மேல் மாடி அறை எழுந்தது. அதில் இருவரும் குடியிருந்தார்கள். வாடகையை டைனமோவின் அண்ணி மாதம் தவறாமல் கேட்டாள், மாதம் தவறாமல் வேண்டாம் என்றாள். கல்யாணமான புதிதில் படம் எடுக்க வரும் ஜோடிகள் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று, தங்களையும் அந்த மாதிரி போஸில் எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். அது போஸ் இல்லை, அப்படித்தான் விழுகிறது என்பார் போட்டோக்காரர். எதற்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று விளக்கைப் போடுவார்.