மடக்குத் துப்பாக்கி

பன்றிக்குப் பயந்து காருக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டவன் என்ற பெயர் பிச்சுமணிக்கு ஒரே சாயங்காலத்தில் கிடைத்தது. ஏப்ரலில், டெக்ஸஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரிலிருந்து நாலு குடும்பமாகப் போய் ஒரு தனியார் பண்ணையில் கூடாரம் போட்டிருந்தபோது புதரிலிருந்து ஏழெட்டுக் காட்டுப் பன்றிகள் வந்தன. எல்லோரும்தான் ஓடினார்கள். பிச்சுமணி எல்லோருக்கும் முன்னால் ஓடி, கதவையும் பூட்டிவிட்டான். வெளியே அவன் பெண்டாட்டி நாகலக்ஷ்மியும் பன்னிரண்டு வயது மகள் விஷாகாவும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். பன்றிகள் எலுமிச்சை சாதத்தைத் தின்றுவிட்டு, ஒருவரையும் ஏறெடுத்துப் பாராமல் போய்ச் சேர்ந்தன.

அதற்கப்புறம் எந்த வீட்டுப் பிறந்தநாளிலும் அவன் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஆரம்பித்து வைப்பவன் முகுந்த். "பிச்சு, கார் சாவி பத்திரமா இருக்காடா?" என்பான். கூடம் முழுக்கச் சிரிக்கும். நாகலக்ஷ்மியும் சேர்ந்து சிரிப்பாள். அதையெல்லாம் பிச்சுமணி பொறுத்துக்கொண்டான். சிரிக்காதவள் விஷாகா ஒருத்திதான். கூப்பிட்டால் வந்தாள், கேட்டால் பதில் சொன்னாள். ஆனால் ரோட்டைக் கடக்கும்போது அவன் கையை விட்டுவிட்டு அம்மா பக்கம் போய் நின்றுகொண்டாள். அதுதான் அவனைத் தின்றது. இந்தப் பெண் இன்னொரு தடவை தன்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. துப்பாக்கி வாங்க முடிவு செய்தான்.

விசாவில் இருப்பவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் வைத்திருக்கலாம். சட்டம் அப்படி. கிரீன் கார்டுக்காகப் பதின்மூன்று வருஷமாக வரிசையில் நிற்பவன், முட்டை போட்ட கேக்கா என்று மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பவன், ஜூலை மாதம் ஒரு நல்ல நாள் பார்த்து வேட்டைக்காரன் ஆனான்.

பிறகு எக்ஸெல்லைத் திறந்தான். எடை, மடக்கினால் நீளம், விலை, வாங்கினவர்கள் எழுதிய குறைகள் என்று பதினெட்டுத் துப்பாக்கிகளை வரிசையாகப் போட்டான். பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்கள்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள். கடைக்குப் போகும்போது முகுந்தும் கூட வந்தான். அவன் சிட்டிசன், வீட்டில் மூன்று துப்பாக்கி வைத்திருக்கிறவன். வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல சனிக்கிழமை அவனுக்கு வாய்க்காது.

"பம்ப் ஆக்‌ஷன் வாங்குடா. அஞ்சு ரவுண்டு போகும்."

"ஏழு பவுண்டு இருக்குடா. அதை யாரு ஹைக்கிங்ல தூக்கிண்டு போறது? வெலையும் டபுள்."

"நீ பாக்கற சிங்கிள் பேரல்ல ஒரு குண்டுதான். மிஸ் ஆச்சுன்னா?"

"ஆகாது."

"ஆச்சுன்னா காருக்கு ஓடணுமே. அதுக்கு வெயிட் கம்மியா இருக்கறதுதான் கரெக்ட்."

சொன்னதோடு விடாமல், பன்றிக் கதையையும் சேர்த்துக் கடைக்காரருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். வெள்ளைத் தாடி வைத்த அந்தப் பெரியவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிச்சுமணியும் சிரித்து வைத்தான். இருப்பதில் மலிவானதை, நாலரைப் பவுண்டு எடையில் நடுவில் மடங்கி முதுகுப் பைக்குள் அடங்குவதை, வாங்கிக்கொண்டு வந்தான்.

எடை குறைந்த துப்பாக்கி உதைக்கும் என்று குறைகள் பத்தியில் அவனே டைப் அடித்திருந்தான். எப்படி உதைக்கும் என்பது சுடும் மைதானத்தில்தான் தெரிந்தது. வலது தோள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. அன்று சாயங்காலம் சட்டையைக் கழற்றியபோது விஷாகா பார்த்துவிட்டாள்.

"டஸ் இட் ஹர்ட்?"

"இல்லடா கண்ணா."

அவள் நம்பவில்லை. ஐஸ் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த சனிக்கிழமை தானும் வருகிறேன் என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். காதை மூடிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, அவன் சுட்டு வீழ்த்திய டப்பாக்களை எண்ணினாள். பள்ளிக்கூடத்தில் 'மை டாட் ஹன்ட்ஸ்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று நாகலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். பிச்சுமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அக்டோபரில் மறுபடி அதே பண்ணை, அதே நாலு குடும்பம். காலையில், குண்டு போடாத துப்பாக்கி மடக்கு மேஜையில் கிடந்தது. யாரும் அதைத் தொடக்கூடாது என்று மற்றக் குழந்தைகளை அதட்டிக்கொண்டு விஷாகா காவல் நின்றாள். அப்போது தூரத்தில் பச்சை நிற டிரக் ஒன்று திரும்பியது. கேம் வார்டன், வேட்டைக்காரர்களைச் சோதிக்கிற அதிகாரி. இது புறா சீசன்.

முகுந்த் காப்பி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"லைசென்ஸ் இருக்கோல்லியோ?"

"இருக்கே. ஜூலைலதானே எடுத்தேன். அடுத்த ஜூலை வரைக்கும் வேலிட்."

"உன் மூஞ்சி. எப்ப எடுத்தாலும் ஆகஸ்ட் முப்பத்தொண்ணோட காலி. டெக்ஸஸ்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

பிச்சுமணி பர்ஸைப் பிரித்துத் தாளைப் பார்த்தான். ஆகஸ்ட் முப்பத்தொன்றுதான். பாஸ்போர்ட், விசா, டிரைவிங் லைசென்ஸ் என்று வீட்டிலுள்ள அத்தனை தாள்களும் முடிகிற தேதி அவனுக்கு மனப்பாடம். இதை மட்டும் வாங்கின நாளிலிருந்து ஒரு வருஷம் என்று தானாகவே கணக்குப் போட்டு, மடித்து வைத்துவிட்டான். விசாக்காரன், லைசென்ஸ் கிடையாது, கையில் துப்பாக்கி. பதின்மூன்று வருஷம் போச்சு.

"ஒனக்கு எப்படா தெரியும்?"

"கடைலயே தெரியும். எக்ஸெல் போடற ஆளாச்சே, நீயே பாத்திருப்பேன்னு நெனச்சேன்."

"உன்னுதுன்னு சொல்லுடா. நீ சிட்டிசன், ஒனக்கு ஒண்ணும் ஆகாது. கால்ல விழறேன்."

"பாக்கலாம்," என்று முகுந்த் காப்பியை உறிஞ்சினான்.

வார்டன் இறங்கி வந்தார். நல்ல மனுஷர், எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார். மேஜையைப் பார்த்துவிட்டு, அழகான சின்னத் துப்பாக்கி, யாருடையது என்று கேட்டார். முகுந்த் டம்ளருக்குள் பார்த்தான்.

"இட்ஸ் மை டாட்ஸ்!"

விஷாகா முன்னால் வந்து நின்றாள். அப்பாவே தேடிப் பார்த்து வாங்கியது, வாரா வாரம் சுடுவார், தோளெல்லாம் நீலமாகிவிடும், ஆனாலும் நிறுத்த மாட்டார் என்று மூச்சு விடாமல் சொன்னாள். ஆறு மாதமாக அவன் கேட்கத் தவித்த குரல் அது. வார்டன் சிரித்துக்கொண்டே அவனிடம் லைசென்ஸுக்குக் கை நீட்டினார்.

"நோ சார்," என்றான் பிச்சுமணி. "ஷீ இஸ் லையிங்."

அவளுக்குக் கதை கட்டுகிற பழக்கம் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னான். வார்டன் சிரிப்பை நிறுத்திவிட்டு, குனிந்து, எது உண்மை என்று விஷாகாவைக் கேட்டார்.

"பொய் சொன்னேன்னு சொல்லு," என்றான் பிச்சுமணி தமிழில்.

"அப்பா?"

"சொல்லுடி!" அவள் முழங்கையைப் பிடித்து இறுக்கினான். பெற்றதிலிருந்து அவன் அவளை டி போட்டதில்லை.

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வார்டனிடம் திரும்பி, "ஐ வாஸ் லையிங். சாரி சார்," என்றாள். அழவில்லை.

அது முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, "மைன், ஆபீஸர்," என்று முகுந்த் தன்னுடைய லைசென்ஸை எடுத்து நீட்டினான். இந்த சீசனுக்குப் புதுசாக எடுத்தது. வார்டன் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். போகும்போது, உண்மை பேசுவதைப் பற்றி விஷாகாவுக்கு இரண்டு நிமிஷம் அன்பாகப் புத்தி சொன்னார். அவள் தலையாட்டினாள்.

டிரக் மறைந்ததும் நாகலக்ஷ்மி, "பெருமாளே காப்பாத்தினார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முகுந்த், இந்த உபகாரத்தை நாங்க மறக்கவே மாட்டோம்."

பிச்சுமணி மகள் முன்னால் மண்டியிட்டான். விசா, கிரீன் கார்டு, ஊரை விட்டே அனுப்பிவிடுவார்கள், உன் ஸ்கூல், உன் சிநேகிதிகள் எல்லாம் போய்விடும் என்று ஒன்று விடாமல் விளக்கினான். அவள் முழுசாகக் கேட்டாள். எல்லாம் புரிந்தது. "ஓகே," என்றாள்.

பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு, துப்பாக்கியை மடக்கிக்கொண்டிருந்த முகுந்திடம் போனாள்.

"அங்கிள், கேன் யூ டீச் மீ டு ஷூட்?"

முகுந்த் அவள் தலைக்கு மேலாகப் பிச்சுமணியைப் பார்த்துச் சிரித்தான். "அப்பாட்ட பர்மிஷன் கேட்டுக்கோம்மா."

"வொய்?" என்றாள் விஷாகா. "இட்ஸ் நாட் ஹிஸ்."