சும்மா ஒரு செக்கப்

ஜீவிதா போனை எடுத்தபோது ஷரீஃபா கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணி லாரி ஒன்று ஹாரனை அமுக்கியபடியே போனதால் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேச முடிந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் பார்க்கும் குழுவிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். குழந்தைக்கு இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது, முப்பது நாளுக்குள் கண் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், புதன்கிழமை தாம்பரத்துக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

"அக்கா, பாப்பா கண்ணுல ஏதாவது பிரச்சினையா? பயமா இருக்குக்கா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீ பயப்படாத. சும்மா ஒரு செக்கப்தான்."

ஆறு வருடமாக அவள் சொல்லிவரும் வாக்கியம் அது. கணவர் காஜாவுக்கு டைல்ஸ் கடை. மகள் ஆஃபியா கல்யாணமாகிப் போன பிறகு பகல் பொழுதுகள் காலியாகிவிட, பக்கத்துப் பள்ளியில் நடந்த கண் முகாமில் நாற்காலி எடுத்துப் போடப் போனவள் அப்படியே குழுவில் சேர்ந்துகொண்டாள். பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரை சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் பட்டியலை வாங்கி, தாய்மார்களுக்குப் போன் செய்து, புதன்கிழமைகளில் அழைத்துவருவதுதான் வேலை. அப்படிப் பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. சில குழந்தைகளுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் லேசர் வைத்து நிறுத்தலாம். தாமதமானால் அவ்வளவுதான்.

இதெல்லாம் ஷரீஃபாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் குழுவை நடத்தும் நர்ஸ் ஏஞ்சல் முதல் நாளே சொல்லியிருந்தாள். "பயமுறுத்தினீங்கன்னா போனை வெச்சிடுவாங்க. அப்புறம் எடுக்கவே மாட்டாங்க." அதனால் ஷரீஃபா விஷயத்தை நீர்க்கச் சொல்லப் பழகியிருந்தாள். அது அவளுக்கு நன்றாகவும் வந்தது. மற்றவர்கள் கூப்பிட்டு வராத தாய்மார்கள் அவள் பேசினால் வந்தார்கள். தன் குரலைப் பற்றி அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

புதன்கிழமை ஜீவிதா வரவில்லை.

ஏன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் ஷரீஃபாவுக்குத் தெரிந்தது. ஜீவிதாவின் கணவன் தினகரன் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது ஏழாம் மாதத்தில் பிறந்து, இருபத்து நான்கு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து வீட்டுக்கு வந்த குழந்தை. அனுப்பும்போது அங்கிருந்த டாக்டர், கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், ஒரு சளி பிடித்தாலே ஆபத்து என்று சொல்லியிருந்தார். தினகரன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே வரமாட்டான். பெற்ற அம்மாவைக்கூடக் குழந்தையைத் தூக்கவிடவில்லை. கண் டாக்டர் விஷயத்தை ஜீவிதா சொன்னபோது ஒன்றுதான் கேட்டான், "அவசரம்னு சொன்னாங்களா?" இல்லை, சும்மா செக்கப்தான் என்றார்கள் என்று அவள் சொன்னாள். அப்படியானால் குழந்தை கொஞ்சம் தேறட்டும் என்றுவிட்டான்.

அடுத்த புதனன்று மழை. ஷரீஃபா கூப்பிட்டபோது தினகரனே பேசினான்.

"மேடம், பள்ளிக்கரணை பக்கம் வந்து பாருங்க. ஏரித் தண்ணி தெருவுக்குள்ள வந்துகினு கீது. இதுல ஒன்றரை கிலோ கொழந்தைய எப்படித் தூக்கினு வர்றது? வடியட்டும்."

சொல்ல வேண்டியது அவள் நாக்கு நுனி வரை வந்தது. கண் போய்விடும் என்ற வார்த்தையை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "சரிப்பா, அடுத்த புதன் கண்டிப்பா வந்துடணும்" என்றாள். பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே 'வருவார்கள்' என்று எழுதினாள்.

அந்த வாரமே காஜாவுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள், வீட்டில் கஞ்சியும் மாத்திரையுமாக இன்னொரு வாரம். திரும்ப வேலைக்கு வந்தபோது ஜீவிதாவின் நம்பர் அணைந்துகிடந்தது. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்பது பிறகு தெரிந்தது. நேரில் போயிருக்கலாம். பட்டியலில் வேறு பதின்மூன்று குழந்தைகள் இருந்தார்கள். 'வருவார்கள்' என்று தன் கையெழுத்திலேயே எழுதியிருந்ததால் இந்தப் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டாள். குழந்தை பிறந்த அறுபத்தெட்டாவது நாள்தான் போனாள்.

சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. ஷரீஃபா வாய் திறந்ததுமே அவள் முகம் மலர்ந்தது. "அக்கா! உங்க குரல் எனக்குத் தெரியும்." பாயில் குழந்தை கன்னம் உப்பிக் கிடந்தது. தன்விகா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நல்லா பால் குடிக்கிறாக்கா. பேசினா உடனே திரும்புறா. முகத்தைத்தான் பாக்க மாட்டேங்குறா. கொறமாசக் கொழந்தை, லேட்டாதான் பாக்கும்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க."

ஷரீஃபா பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள். கருவிழியின் நடுவில், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் கலந்த வெள்ளை தெரிந்தது. மற்ற கண்ணிலும் அதேதான். டார்ச்சை அணைத்துப் பையில் போட்டாள்.

"இப்பவே கிளம்பலாம்மா. ஒரு துண்டு மட்டும் எடுத்துக்க."

ஆட்டோவில் ஜீவிதா குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தாம்பரத்தில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்து, டாக்டர் வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் விழித்திரை முழுக்கப் பிரிந்துவிட்டது, ஆபரேஷன் செய்து பார்க்கலாம், நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார். ஜீவிதா அழவில்லை. ஷரீஃபா பக்கம் திரும்பினாள். சரிபார்த்துக்கொள்வது போலத்தான் கேட்டாள்.

"சும்மா செக்கப்னுதானக்கா சொன்னீங்க?"

தினகரன் கம்பெனி யூனிஃபார்மோடு ஓடிவந்தான். டாக்டர் சொன்னதை நின்றபடியே கேட்டான். வெளியே வந்ததும் ஷரீஃபா முன்னால் நின்றான். சத்தம் போடவில்லை.

"கண்ணு போயிடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அந்தத் தண்ணில நீந்தியாவது தூக்கினு வந்திருப்பேனே மேடம். ஏன் சொல்லல?"

அவன் கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமல் நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு ஆபரேஷன் நடந்தது. குழந்தைக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. ஏஞ்சல் ரெக்கார்டை எடுத்துக் காட்டினாள். "கூப்பிட்டிருக்கோம், தேதி இருக்கு. நம்ம மேல தப்பு இல்ல ஷரீஃபா." காஜா, "நீயா அந்தப் புள்ளை கண்ணைக் கெடுத்தே? போய்ப் படு" என்றார். இரண்டு பேரும் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஷரீஃபா தொழுகையில் உட்கார்ந்தால் 'சும்மா செக்கப்தான்' என்ற அந்த வாக்கியம் தன் குரலிலேயே காதில் கேட்டது. கனிவான குரல்.

அடுத்த பெயர் மேடவாக்கத்து ஒரு பெண். "முப்பது நாளுக்குள்ள காட்டலைன்னா குழந்தைக்குக் கண்ணு தெரியாம போயிடலாம்மா" என்று ஷரீஃபா சொன்னாள். அந்தப் பெண் அலறியழுது போனை வைத்துவிட்டாள். மறுபடி எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே தேடிக்கொண்டு வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று திட்டு வாங்கி, புதனன்று வரவைத்தாள். அந்தக் குழந்தைக்குக் கண் நன்றாக இருந்தது. "பச்சை உடம்புக்காரிய இப்படியா பேஜார் பண்ணுவீங்க? நாலு நாளா பால் சுரக்கல அவளுக்கு" என்று அதன் அப்பா எல்லார் முன்னாலும் கத்தினான். ஷரீஃபா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அதற்கு அடுத்த போனிலும் அதையேதான் சொன்னாள்.

எட்டு மாதம் கழித்துப் பள்ளிக்கரணைக்குப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது தினகரன். பார்த்தான். கதவைச் சாத்தாமல் உள்ளே போய்விட்டான்.

கூடத்தில் குழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கை முட்டியையும் கண்ணுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. ஜீவிதா அதன் கைகளைப் பிடித்து மெல்ல இறக்கினாள். உடனே அவை மறுபடி மேலே போயின. மறுபடி இறக்கினாள்.

"நாள் பூரா இப்படித்தான்க்கா. கண்ணு தெரியாத கொழந்தைங்க இப்படி அழுத்துமாம். இறக்கிவிட்டுக்கிட்டே இருக்கணும்" என்றாள். இளைத்திருந்தாள். ஷரீஃபாவை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஒரு கணம் தயங்கி, குழந்தையைத் தூக்கி ஷரீஃபாவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஷரீஃபா தரையில் உட்கார்ந்தாள். "ஜீவிதா, நான் அன்னைக்கு…" என்று அடுப்படியைப் பார்த்து ஆரம்பித்தாள்.

குழந்தை சட்டென்று அசைவதை நிறுத்தியது. குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பியது. கண்ணிலிருந்து ஒரு கையை எடுத்து, முக்காட்டின் ஓரத்தைப் பிடித்து, மோவாயைத் தடவி, மேலே ஏறி, வாயைக் கண்டுபிடித்தது. எச்சில் ஈரமான இரண்டு விரல்களை உள்ளே விட்டுக் கீழுதட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னும் குரல் வரும் என்று காத்திருந்தது.